‘ஆனால்’ போட்ட காகம்

அல்லிக்குளத்துக் கரையில் வேப்பமரக் காகங்களும் புளியமரக் காகங்களும் இருந்தன. அங்கே ஒரு வழக்கம். எந்த மரத்துக் காகம் அடிபட்டாலும் இரண்டு மரமும் சேர்ந்து எழும்பிக் கத்தும். அந்தச் சத்தத்தில் குளத்து மீனெல்லாம் கரையேறி ஓடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பருந்துகூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

தலைவர் தேர்தல் வந்தது. வேப்பமரத்தில் தடித்தொண்டை என்ற காகம் நின்றது. புளியமரத்தில் நீலச்சிறகி நின்றது.

ஒரு காலையில் நீலச்சிறகியின் இறக்கையை யாரோ கொத்திக் கிழித்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ! தடித்தொண்டையின் மச்சினன் முரட்டலகன்தான். அலகில் ஒட்டிய இறகைக்கூட அது துடைக்கவில்லை.

எல்லாக் காகங்களும் தடித்தொண்டையைப் பார்த்தன.

“கா! வன்மையாகக் கண்டிக்கிறேன்!” என்று தடித்தொண்டை முழங்கியது. “ஆனால்... அந்தம்மாவும் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்!”

முரட்டலகன் விழுந்து விழுந்து சிரித்தது. “மச்சான் கண்டிக்கலடா, முதுகுல தட்டிக் குடுத்திருக்காரு!”

“இதுக்கா உனக்கு இவ்வளவு பெரிய தொண்டை?” என்றாள் தடித்தொண்டையின் மனைவி மையாத்தா.

“சும்மா இரு புள்ள! நம்ம மரத்து ஓட்டு போயிடும்!”

மறுநாள் புளியமரத்து இளவட்டங்கள் வந்து தடித்தொண்டையின் வாலைப் பிடுங்கிப்போயின.

“அய்யோ! கேட்க நாதியில்லையா?” என்று அது அலறியது.

எதிர்க்கிளையில் நீலச்சிறகி கனைத்துக்கொண்டது. “கா! வன்மையாகக் கண்டிக்கிறேன்! ஆனால்... நீங்களும் அவ்வளவு வாலாட்டியிருக்க வேண்டாம்!”

தடித்தொண்டைக்கு வால் போன வலியைவிட அந்த ‘ஆனால்’ அதிகம் எரிந்தது. இரண்டு மரமும் சேர்ந்து எழும்பாமல் இப்படி மாறி மாறிக் கத்துவதைக் கேட்டு, பருந்து ஒன்று தைரியமாகப் பக்கத்துப் பனையில் வந்து குந்தியது.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் முரட்டலகன் ஓடிவந்தது.

“மச்சான்! அவ கூட்டைக் கலைச்சுக் குஞ்சுகளைக் கீழ தள்ளிடறேன். மிச்சத்தைப் பருந்து பாத்துக்கும். நீங்க வழக்கம்போல ஒரு ‘ஆனால்’ போட்டுடுங்க!”

சொல்லிவிட்டுப் பறந்தது. நீலச்சிறகியின் கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தடித்தொண்டைக்கு இல்லாத வால் சுரீர் என்றது.

“கா! கா! என் மச்சினன் குஞ்சுகளைக் கொல்லப் போறான்! தடுங்க!”

வேப்பமரம் ‘ஆனால்’ வரும் என்று காத்திருந்தது. புளியமரமும் காத்திருந்தது. பருந்துகூடக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

வரவில்லை!

அவ்வளவுதான், இரண்டு மரமும் ஒன்றாக எழும்பின. பருந்து பறந்த வேகத்தில் அதன் நிழல் மட்டும் குளத்திலேயே தங்கிவிட்டது! முரட்டலகனுக்கு அன்றிரவு எந்த மரத்திலும் உட்காரக் கிளை இல்லை.

தேர்தலில் தடித்தொண்டை தோற்றது. சொந்த மரமே ஓட்டுப் போடவில்லை. மொட்டை வாலோடு உட்கார்ந்திருந்த அதை மையாத்தா ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னைக்குத்தான்யா உன் தொண்டைக்கு ஏத்த சத்தம் வந்துச்சு!”

தன் ஆள் செய்த வன்முறையை ‘ஆனால்’ போடாமல் கண்டிப்பதே கண்டனம். மற்றதெல்லாம் அடுத்த அடிக்குக் கொடுக்கும் அனுமதி.