துணைக்கு யார்?

நாகர்கோவில் தியேட்டர் ஒன்றில் டிக்கெட் கிழிக்கும் ஏசுவடியானுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனார்.

"துணைக்கு ஆள் பேரும் நம்பரும் போடாம கம்ப்யூட்டர் அட்மிஷன் தராது," என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

"எனக்கு யாரும் இல்ல சார்."

"அது உம்ம பாடு. போய் ஆளோட வாரும்."

ஏசுவடியான் போனை எடுத்து, ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த குறுஞ்செய்தியைச் சத்தமாகப் படித்தார்.

"'நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் உங்கள் கூடவே இருக்கிறோம்.' கீழே உங்க பேருதான் இருக்கு சார். உங்களையே போட்டுருங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் வேறு வழியில்லாமல் தன் பெயரையும் நம்பரையும் பதிந்தார்.

ஆபரேஷன் முடிந்து ஏசுவடியான் கண் திறந்ததும் நர்ஸ் குனிந்து கேட்டாள்: "நல்லபடியா முடிஞ்சிடுச்சு அண்ணாச்சி. யாருக்காவது சொல்லணுமா?"



"மேனேஜருக்குச் சொல்லிடும்மா," என்றார் ஏசுவடியான்.