நாலு விரல் இடம்

"அம்மா, தியானத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் மீன் சாகிறது."

கதிரேசன் இதைச் சொன்னபோது மெய்யம்மை பாயை உதறிக்கொண்டிருந்தார். தியானம் சொல்லித் தருபவர். கதிரேசனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் கதிரேசன் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மீன்?"

"கௌராமி. கண்ணாடித் தொட்டியில் ரெண்டு வளர்த்தேன். ஒண்ணு துள்ளி வெளியே விழுந்து, தரையிலே காய்ஞ்சு கிடந்தது. மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும்னு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, மேலே கண்ணாடி போட்டு இறுக்கி மூடிட்டேன். காத்துக்குப் பெரிய மோட்டாரும் வச்சேன்."

"அப்புறம்?"

"மேலே மேலே வந்து முட்டுது. உள்ளே இருக்கப் பிடிக்கலை போல."

மெய்யம்மை பாயைச் சுருட்டி வைத்தார்.

"வாங்க, பார்ப்போம்."

வீட்டுக் கதவைத் திறந்தது கதிரேசனின் மனைவி உமையாள்.

"நீ எதுக்கு எழுந்து வந்தே?" என்று கதிரேசன் பதறினார்.

பங்குனியில் உமையாளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இனி நடக்கலாம், மாடி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதிரேசன்தான் இன்னும் சொல்லவில்லை.

தொட்டிக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சுழன்றுகொண்டிருந்தது. மீன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

மெய்யம்மை மோட்டாரை நிறுத்தினார். மூடியைத் தூக்கினார். ஒரு செம்பு கேட்டு வாங்கி, தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார்.

"அம்மா! தண்ணிதானே அதுக்கு உசுரு!"

இன்னொரு செம்பு ஊற்றினார்.

"போதும்மா, போதும்!"

மேலே நாலு விரல் அளவுக்கு வெற்றிடம் வந்ததும் நிறுத்தினார். மூடியை இறுக்காமல் மேலே வைத்தார்.

மீன் அசையவில்லை.

"போச்சு," என்றார் கதிரேசன்.

தண்ணீர் மெல்ல அடங்கியது.

மீன் நிமிர்ந்தது. தள்ளாடிக்கொண்டு மேலே வந்தது. வாயை வெளியே நீட்டி ஒரு வாய் காற்று வாங்கியது. பிறகு தானாகவே கீழே இறங்கிச் செடிக்குள் புகுந்தது. நூல் போன்ற மீசையால் ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தது.

கதிரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடியும் மேலே வருமா?"

"வரும். இது மேலே வந்து மூச்சு வாங்குற மீன்."

"அடிக்கடி வருமா?"

"வரும்."

"ஓடிப் போகத்தான் பார்க்குதுன்னு நினைச்சுட்டேனே."

"கீழே இறங்குச்சே, பார்த்தீங்கல்ல?" என்றார் மெய்யம்மை.

கதிரேசனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது.

அவர் சிரிப்பதை உமையாள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மொட்டை மாடிக்குப் போறேன்."

"இரு, நானும்…" என்று கதிரேசன் பாதி எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார்.

படிகளில் செருப்புச் சத்தம் நிதானமாக ஏறிப் போயிற்று. நடுவில் ஒருமுறை நின்றது. கதிரேசன் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சத்தம் மறுபடியும் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து உமையாளின் குரல் கேட்டது.

"இங்கே நல்ல காத்துங்க!"

"இருந்துட்டு மெதுவா வா," என்றார் கதிரேசன்.