காலிப் பக்கத்தை அழித்த தனுஷ்கோடி

ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் தனுஷ்கோடியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். உண்மையில் போவது அவன் அளப்பதைக் கேட்க. பரமக்குடியில் அவ்வளவு மலிவான பொழுதுபோக்கு வேறு கிடையாது.

அன்று எனக்கு முன்னால் ஒரு டீச்சர் நின்றிருந்தார். பெயர் செண்பகவல்லி. வேலை தருமபுரிப் பக்கம், வீட்டுக்காரரும் நாலு வயசுப் பெண்ணும் இங்கே. இடமாறுதல் மனுவைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குள் இங்குள்ள கல்வி அலுவலகத்தில் இருக்க வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் பிள்ளையை போனில்தான் கொஞ்ச வேண்டும். மணி இரண்டேகால்.

மனு பென்டிரைவில் இருந்தது. திரையில் லட்சணமாகத் தெரிந்தது. தனுஷ்கோடி பிரிண்ட் கொடுத்தான். பிரிண்டர் பச்சை விளக்கு எரிய, சும்மா உட்கார்ந்திருந்தது.

"பயப்படாதீங்க டீச்சர். வேர்டு ஃபைல் எதுவும் என்கிட்ட வாலாட்ட முடியாது" என்று மறுபடியும் கொடுத்தான். "போன வருஷம் ஒரு வக்கீல் முந்நூறு பக்கம் கொண்டாந்தார். ஒரே பக்கத்துல வேணும்னார். மார்ஜினைக் குறைச்சேன் பாருங்க, எழுத்தெல்லாம் தீபாவளிக்கு முந்தின நாள் மதுரை பஸ் மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்குது. ஓரத்துல நின்னதெல்லாம் இடமில்லாம கீழ கொட்டிருச்சு. ரெண்டு முறம் அள்ளினேன். பக்கத்து டீக்கடை போர்டு இருக்கே, அந்த எழுத்துலதான் செஞ்சது."

"அது பெயிண்ட்டுப்பா" என்றேன்.

"பெயிண்ட் மேல அடிச்சது மாமா. உள்ள இருக்கிறது வக்கீல் எழுத்து. அந்தக் கடையில யார் வாயைத் திறந்தாலும் வாதமா வருதே, ஏன்னு நினைச்சீங்க?"

"சார், கேபிள் சரியா சொருகியிருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். தாளை எடுத்து உதறி வைத்தான். மூன்று தடவை தட்டினான். ஒன்றும் வரவில்லை, கதைதான் வந்தது.

"இது என்ன பிரமாதம்? ஒரு கட்சி நோட்டீஸ், குறுக்குவாட்டுல செட் ஆகிக் கிடந்துச்சு. தலைவர் படுத்துக்கிட்டே வர்றார். ஆயிரம் நோட்டீஸ், ஆயிரம் தலைவர், எல்லாரும் படுக்கை. ஒரே ஒரு கிளிக், நெட்டுவாட்டுக்கு மாத்தினேன். ஆயிரம் பேரும் எந்திரிச்சு வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டாங்க. அதுல ரெண்டு பேர் பேசவே ஆரம்பிச்சுட்டாங்க. மைக் இல்லைன்னு சொல்லி உட்கார வெச்சேன்."

"மணி ரெண்டரை சார்" என்றார் டீச்சர்.

"தனுஷ்கோடி, கதையை நிறுத்திட்டு வேலையைப் பாரு" என்றேன்.

"கை வேலை பாக்குது மாமா. வாய் சும்மாதானே இருக்கு?" கை இன்னும் மூன்று தடவை தட்டியது. "ஒரு காண்ட்ராக்டரோட டெண்டர். கடைசியில ஒரு காலிப் பக்கம், என்ன செஞ்சாலும் போகல. எனக்கு வந்தது பாருங்க கோபம், பேக்ஸ்பேஸை அமுக்கினவன் விரலை எடுக்கவே இல்ல. பக்கம் போச்சு. அமுக்கின வேகத்துல, பெருமாள் கோயில் தெருவுல ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருந்த காலி மனையும் சேர்ந்து போச்சு. இப்பப் போய்ப் பாருங்க, ரெண்டு வீடும் ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"அது கட்டும்போதே ஒட்டிக் கட்டின வீடுடா."

"அப்படித்தான் சர்வேயரையும் நம்ப வெச்சிருக்கேன். வெளிய சொல்லிராதீங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க சார். கையாலயே எழுதிக் கொடுத்துப் பாக்குறேன். வாங்கினா வாங்கட்டும்."

தனுஷ்கோடி தாளை எடுப்பதற்குள், எதிர் ஜெராக்ஸ் கடை ரெஜினா ஒரு கற்றைக் காகிதத்தோடு படியேறி வந்தாள். "செண்பகவல்லி டீச்சர் யாருங்க? கால் மணி நேரமா உங்க மனு எங்க பிரிண்டர்ல வந்துக்கிட்டே இருக்கு. எட்டு காப்பி ஆச்சு." பிறகு தனுஷ்கோடியைப் பார்த்தாள். "காலையில உங்க நெட் வரலைன்னு எங்க வைஃபை பாஸ்வேர்டு வாங்கினீங்களே அண்ணே, அப்பவே உங்க கம்ப்யூட்டர் எங்க பிரிண்டரைப் பிடிச்சுக்கிச்சு போல."

தனுஷ்கோடி குனிந்து திரையில் இருந்த பிரிண்டர் பெயரைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"பாத்தீங்களா டீச்சர்? உங்க நல்ல காரியத்துக்கு என் பழைய மெஷின் வேண்டாம்னுதான் இங்க தட்டி அங்க இறக்கினேன். நடுவுல லாரி போச்சு, டவுன் பஸ் போச்சு. ஒரு எழுத்து நசுங்கியிருக்கா, பாருங்க."

டீச்சர் பார்த்தார். ஒன்றும் நசுங்கவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டு மனுவைப் பையில் வைத்துக்கொண்டு, ரெஜினாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் படியிறங்கினார். கீழ்ப்படியில் நின்று திரும்பினார்.

"மாறுதல் கிடைச்சா இந்த ஊருக்கே வந்துடுவேன் சார். இனி எனக்காக நீங்க ரோட்டைத் தாண்டி அனுப்ப வேண்டாம். நானே நேரா அங்க போயிடுறேன்."