ஐவர் கூடக்கூடாது

மருதங்காட்டுப் பாளையத்தின் ராஜா இறந்தபோது பட்டத்துக்கு உரிய பிள்ளை தொட்டிலில் இருந்தது. ஆட்சி பிரதானி சிவசைலத்தின் கைக்கு வந்தது. கட்டளையும் அவருடையது, படையும் அவருடையது. வழக்குகளையும் அவரே கேட்டார்.

அவருக்கு ஓர் ஆசான் இருந்தார். சவரிராயன் என்று பெயர். பிரதானியைவிட வயதில் மிகவும் இளையவர். துறைமுகத்தில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்து பரங்கியர் மொழிகளைக் கற்றவர். கப்பலில் வரும் நூல்களைப் படித்து, அரசாட்சியைப் பற்றி அந்த நாட்டு அறிஞர்கள் எழுதுவதைத் தமிழில் எடுத்துச் சொல்வார். நரைத்த மீசையோடு பிரதானி தரையில் அமர்ந்து கேட்பார்.

அந்தக் கோடையில் மேலத்தெருவும் கீழத்தெருவும் சந்தையில் மோதிக்கொண்டன. உயிர்கள் போயின. மறுநாளே பிரதானி தண்டோரா போடச் சொன்னார். ஐந்து பேர் ஓரிடத்தில் கூடினால் கசையடி, பிறகு நாடு கடத்தல்.

ஊர் அடங்கியது.

சில நாளில் இருளப்பன் என்பவனைப் பிடித்து வந்தார்கள். தாயின் பாடையோடு போனவன். தூக்கியவர்கள் நால்வர், முன்னால் நெருப்புச் சட்டியோடு அவன். காவல் தலைவன் எண்ணிப் பார்த்து அவனை மட்டும் பிடித்துக்கொண்டான். கிழவிக்குப் பங்காளி ஒருவன் கொள்ளி வைத்தான்.

பிரதானி ஆசானிடம் போனார்.

"இருளப்பனை அடித்தால் பாவம். விட்டால் என் கட்டளையை யார் மதிப்பார்கள்?"

சவரிராயன் கையிலிருந்த நூலை மூடி வைத்தார். பிரதானியே தொடர்ந்தார்.

"பயம் இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாவார்கள், அதனால் எல்லா அதிகாரமும் ஒருவனிடமே இருக்கட்டும் என்று ஓர் அறிஞர் எழுதியதாகச் சொன்னீர்கள். சட்டம் போடுகிறவனே தீர்ப்பும் சொன்னால் குடிகளுக்குப் போக்கிடம் இல்லை என்று இன்னொருவர் எழுதியதாகவும் சொன்னீர்கள். யார் சொல்வது சரி?"

"நாளை சொல்கிறேன்."

மறுநாள் சவரிராயன் சந்தைக்குப் போனார். காய்கறிக் கடைகளுக்கு நடுவில் நின்று, புயலில் சிக்கிய ஒரு கப்பலின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆட்கள் சேர்ந்தார்கள். காவலர்கள் வருவதைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. கேட்டவர்கள் ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்.

சபையில் அவரைக் கண்டதும் பிரதானி எழுந்துவிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"தெரிந்தே மீறினீர்களா?"

"தெரிந்தேதான். கட்டளை யாருடையது?"

"என்னுடையது."

"என்னைப் பிடித்தவர்கள்?"

"என் ஆட்கள்."

"தீர்ப்பு?"

"நான்தான் சொல்ல வேண்டும்."

"அது தவறென்று பட்டால் நான் யாரிடம் முறையிடுவது?"

'என்னிடம்' என்று சொல்லப் பிரதானிக்கு வாய் வரவில்லை.

"உங்களை விட்டுவிடுகிறேன்," என்றார் மெல்ல.

"ஆசான் என்பதால் விடுகிறீர்கள். இருளப்பன் யாருக்கு ஆசான்?"

பிரதானி ஆசனத்தைவிட்டு இறங்கினார். பிறகு ஊராரை அழைத்து வரச் சொன்னார்.

"உங்களில் மூவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டு வழக்கையும் அவர்கள் கேட்கட்டும். இனி எந்த வழக்கிலும் நான் உட்கார மாட்டேன். அவர்கள் சொல்வதை மாற்றவும் மாட்டேன்," என்றார்.

இரண்டு தெருக்காரர்களும் முணுமுணுத்தபடியே மூவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வைத்தியர், ஓர் எண்ணெய் வணிகர், இரண்டு தெருவிலும் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி ஆவுடையம்மாள்.

ஆவுடையம்மாள் காவல் தலைவனிடம் கேட்டாள்.

"அன்றைக்குத் தேர்முட்டியில் ஏழெட்டுப் பேர் தாயம் ஆடினார்களே. அவர்களை ஏன் பிடிக்கவில்லை?"

அவன் தலை குனிந்தான்.

"கிணற்றுத் தகராறில் இருளப்பன் உனக்கு எதிராகச் சாட்சி சொன்னான். உண்டா இல்லையா?"

"உண்டு."

பிரதானிக்கு இது புதிது. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அவரிடம் சொல்லத்தான் ஒருவரும் துணியவில்லை.

பிணத்தோடு போவது கூட்டம் ஆகாது என்று மூவரும் சொன்னார்கள். காவல் தலைவனின் வேலை போனது. கட்டு அவிழ்த்ததும் இருளப்பன் யாரையும் பார்க்காமல் சுடுகாட்டுப் பக்கம் ஓடினான், தாயின் சாம்பலாவது கிடைக்குமா என்று. அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரதானியின் கண் கலங்கியது.

அடுத்து சவரிராயனின் வழக்கு.

"இவர் படித்தவர். தெரிந்தே மீறியிருக்கிறார்," என்றார் வைத்தியர். "கசையடி வேண்டாம். நாடு கடத்தவும் வேண்டாம். அமாவாசை வரை சந்தையைப் பெருக்கட்டும்."

சபை கலைந்தது. வெயில் தாழ்ந்ததும் பிரதானி சந்தைக்கு விரைந்தார். ஆசான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாடிய கீரையையும் வாழைச் சருகையும் விளக்குமாற்றால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்தத் தீர்ப்பை இப்போதே ரத்து செய்கிறேன்."

சவரிராயன் நிமிர்ந்தார். முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களால் முடியாது, பிரதானி."