நீர்க்காகம் சீயக்காய் தேய்த்துக்கொண்ட கதை

பறவையும் மீனும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நீர்க்காகத்துக்குத் தண்ணீரில் முங்கவே தெரியாது. வாத்துக்கு இருப்பதுபோல அதன் சிறகிலும் எண்ணெய்ப் பசை உண்டு. எவ்வளவு அமுக்கினாலும் நெட்டி மாதிரி மேலே வந்துவிடும். அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆற்றங்கரையில் இருந்த ஒரு பழைய ஊரின் கோபுரத்தில் கூடு கட்டி, வீட்டுக்கு வீடு வைக்கிற சோற்றைத் தின்று கொழுகொழுவென்று இருந்தது.

அந்நாட்டு ராசா ஆற்றை மறித்து அணை கட்டினார். தண்ணீர் ஏறி வந்தது. சனங்கள் ஆடுமாடு, சட்டிபானையோடு வீட்டுக் கதவுகளையும் கழற்றிக்கொண்டு தூரத்து மேட்டுக்குக் குடிபோனார்கள். தெருக்கள் முழுகின. மண்டபத்தின் கூரையும் கோபுரத்தின் மேல்பாதியும்தான் வெளியே தெரிந்தன.

நீர்க்காகத்தால் கிளம்ப முடியவில்லை. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. மேட்டுக்குப் போய்ச் சோறு கொண்டுவருவதற்குள் பருந்து தூக்கிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அதற்குச் சோறு வைத்துவந்த கீழத்தெரு அங்காயி, பழைய ஊரைப் பார்க்கப் பரிசல் போட்டுக்கொண்டு வந்தாள். அங்கேயே குளித்துவிட்டுச் சாமி கும்பிடலாம் என்று நினைத்திருந்தாள்.

“என்னடி கருப்பி, எலும்பும் தோலுமா ஆயிட்டே?”

“சோறு போடுற ஊரே முங்கிப்போச்சேக்கா. நேத்திலிருந்து குஞ்சுங்க பட்டினி. சின்னது வாயைத் திறக்கவே மாட்டேங்குது.”

அங்காயி தன் கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்தாள். அது அப்போதைக்கு ஆயிற்று. நாளைக்கு?

“என் வீட்டுக்குள்ள மீனு மேயுதே, பிடிச்சுப் போடேன்.”

“முங்கினாத்தானே!” என்று நீர்க்காகம் பாய்ந்து காட்டியது. பாய்ந்த வேகத்தில் மேலே வந்து மிதந்தது.

கீழேயிருந்து ஒரு கெண்டை வாலை ஆட்டியது. “வாயேன், அடுப்படி வரைக்கும் வா! விருந்து வைக்கிறேன். இப்ப இது எங்க வீடு!”

“என் அடுப்படியில உட்கார்ந்துக்கிட்டு வாயைப் பாரு இதுக்கு!” அங்காயிக்கு வந்ததே கோபம். நீர்க்காகத்தின் சிறகைத் தொட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசு என்றிருந்தது. “ஏண்டி, இவ்வளவு எண்ணெயோட இருந்தா தண்ணி எப்படி ஒட்டும்? குளிக்கச் சீயக்காய் கொண்டாந்திருக்கேன். தேய்ச்சு விடவா?”

நீர்க்காகம் பின்னால் நகர்ந்தது. “எண்ணெய் போயிட்டா நனைஞ்சு கனத்துருவேனே. முங்கினவ மேல வராமலே போயிட்டா?”

“போனாலும் போவே. இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். போன எண்ணெய் திரும்ப ஊறவும் ஊறாது. யோசிச்சுச் சொல்லு.”

நீர்க்காகம் கூட்டைப் பார்த்தது. சின்னக்குஞ்சு தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

“தேய்ச்சு விடுக்கா. கண்ணுல மட்டும் பட்டுறாம.”

அங்காயி அதை மண்டபக் கூரையில் நிறுத்தி, கழுத்திலிருந்து வால் வரை அழுத்தித் தேய்த்தாள். “ஆடாம நில்லுடி!” என்று தன் பிள்ளைகளிடம் போடுகிற அதட்டலையே போட்டாள்.

அடுத்த பாய்ச்சலில் நீர்க்காகம் கல்லைப் போட்டமாதிரி இறங்கியது. கதவில்லாத வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்தது. “ஏய், யாரைக் கேட்டு...” என்று தொடங்கிய கெண்டை, அதற்குமேல் பேசவில்லை.

மீனைக் கவ்விக்கொண்டு திணறித் திணறி மேலே வந்ததை, அங்காயி துடுப்பை நீட்டிக் கூரைமேல் ஏற்றினாள். பறக்கப் பார்த்தது, சிறகு தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூட்டுக்கு மேலே பருந்து வட்டமிட்டது.

“அய்யோ அக்கா, குஞ்சுங்க!”

“பருந்தை நான் பார்த்துக்கறேன். ஈரத்துணியை யாராவது சுருட்டி வைப்பாங்களா? ரெண்டு சிறகையும் நல்லா விரி! காத்துப்பக்கம் திரும்பி நில்லு!” என்றவள் பரிசலைக் கூட்டுக்கடியில் தள்ளிப்போய்த் துடுப்பை ஓங்கினாள். “கிட்ட வாடா, மூக்கை உடைக்கிறேன்!”

பருந்து இறங்கப் பார்க்கும், துடுப்பைக் கண்டு விலகும். வெயில் ஏற ஏறச் சிறகு உலர்ந்து லேசானது. நீர்க்காகம் மீனோடு எழும்பிக் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் வாய் சின்னக்குஞ்சுக்குத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டுத்தான் நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கிறது. கரையேறியதும், கல்லோ கட்டையோ கிடைத்த இடத்தில் நின்று, இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போடுகிறது.