பிரதானியார் நுகம் சுமந்த கதை

செம்மலைக்கோட்டையை ஆண்ட வீரகண்டப்ப ராஜாவுக்கு மனிதர்கள் மேல் இருந்த அன்பு கொஞ்சம். மாமனார் சீதனமாகக் கொடுத்த இரண்டு சாம்பல்நிற மயிலைக் காளைகள் மேல் இருந்த அன்போ கொள்ளை கொள்ளை. ஒருநாள் அந்தக் காளைகளின் பிடரியை ராஜா தடவிப் பார்த்தார். நுகத்தடி உராய்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. அவ்வளவுதான், அன்றைக்கு ராஜா சாப்பிடவே இல்லை.

"ஐயோ, என் செல்லங்களே!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, பக்கத்தில் பிரதானி அகத்தியலிங்கம் நின்றார். ராஜா தும்மினால்கூட அதற்கொரு திட்டம் வைத்திருக்கிற மனுஷர் அவர்.

"மகாராஜா, இது ஒரு பெரிய விஷயமா? வண்டியில் பாரத்தை எல்லாம் பின்னால் தள்ளி ஏற்றிவிட்டால் போகிறது. காளைகளின் கழுத்தில் ஒரு குன்றிமணி எடைகூட விழாது!"

ஆகா, என்ன மூளை! ராஜா அப்போதே ஆணை போட்டுவிட்டார். அரண்மனைக் காளைகளின் கழுத்தில் பாரம் ஏற்றுகிறவன் ராஜத் துரோகி.

அந்த வாரமே முருகன் கோயிலுக்கு வார்த்த பெரிய வெண்கல மணியை மலைமேல் கொண்டுபோக வேண்டியிருந்தது. மயிலைக் காளைகளைப் பூட்டி, ஆணைப்படி மணியை வண்டியின் வால்பக்கம் ஏற்றினார்கள். வண்டிக்காரன் மொக்கையன் தெருமுனை வரைக்கும் அப்படியே ஓட்டினான். முனை திரும்பியதும் மணியை மெல்ல முன்னால் நகர்த்தினான். அதைப் பிரதானியின் ஆட்கள் பார்த்து, அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சாமி, பின்பாரம் ஆனா மலையேத்தத்துல வண்டி குடை சாஞ்சிடும். மாட்டுக்கும் ஆபத்து, மணிக்கும் ஆபத்து" என்று அவன் கெஞ்சினான்.

"பார்த்தீர்களா மகாராஜா? வண்டிக்காரன் நமக்கு ராஜாங்கம் சொல்லித் தருகிறான்!" என்றார் பிரதானி. அன்று சாயங்காலம் மொக்கையனுக்குச் சந்தைத் திடலில் சவுக்கடி என்று தீர்ப்பானது.

விகடகவி உத்தண்டன் காதில் சேதி விழுந்தது. ராஜாவுக்கும் பிரதானிக்கும் பல்லக்கு உண்டு. உத்தண்டனுக்கு வாடகை வண்டிதான் கதி. 'ஐயா, முன்பாரமா இருக்கு, கொஞ்சம் பின்னால நகருங்க', 'ஐயா, பின்பாரமாப் போச்சு, முன்னால வாங்க' என்று வண்டிக்காரர்கள் சொல்லக் கேட்டு, ஆயுசில் பாதியை வண்டிக்குள் நகர்ந்தே கழித்தவன் அவன். மொக்கையன் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சரியைச் சரி என்று சொன்னால் அந்தச் சபையில் எடுபடாது என்பதும் தெரியும்.

நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, மொக்கையனை விடாதீர்கள். அடி கொடுத்தே ஆக வேண்டும்."

ராஜாவுக்கே தூக்கிவாரிப்போட்டது. "என்ன உத்தண்டா, நீயா இப்படிச் சொல்கிறாய்?"

"பின்னே? பிரதானியாரின் திட்டம் சாமானியமானதா? அடிக்கு முன்னால் அதன் பெருமையைச் சபையோர் கண்ணால் பார்க்க வேண்டாமா? காளையைப் பூட்டிக் காட்டலாம்தான். ஆனால் சுகமாக இருக்கிறதா என்று கேட்டால் அது வாய்திறந்து சொல்லாதே. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் நுகத்தடியில் நின்று சொன்னால் எப்படி இருக்கும்! பிரதானியாரை விட்டால் இந்த நாட்டில் பேச யார் இருக்கிறார்கள்?"

பிரதானிக்கு முகம் மலர்ந்தது, அடுத்த நொடி வாடியது. "நானா? நுகத்தடியிலா?"

"குன்றிமணி பாரமும் விழாது என்று தாங்கள்தானே சொன்னீர்கள்? பயமா?"

ராஜா திரும்பிப் பார்த்தார். பிரதானி தலைப்பாகையைக் கழற்றி வைத்தார்.

முற்றத்துக்கு வண்டி வந்தது. மணி வால்பக்கம் இருந்தது. வண்டியின் முன்னால் நீளும் ஏர்க்காலை நான்கு வீரர்கள் அமுக்கிப் பிடிக்க, பிரதானி நுகத்தடிக்கு அடியில் கழுத்தைக் கொடுத்தார். காளையின் தொண்டையைச் சுற்றிக் கட்டுகிற பூட்டாங்கயிற்றை ஒரு வீரன் எடுத்து வந்தான்.

"கழுத்தில் வேண்டாமப்பா, அக்குளில் கட்டு. பிரதானியார் நாட்டுக்கு வேண்டியவர்" என்றான் உத்தண்டன். "ம், விடுங்கள்!"

வீரர்கள் கையை எடுத்தார்கள். வண்டியின் வால் தடாலென்று தரையில் இடித்தது. ஏர்க்கால் வானத்தைப் பார்த்தது. அதோடு பிரதானியும் போனார். கால் இரண்டும் அந்தரத்தில் உதைத்துக்கொண்டன.

"ஐயோ! ஐயோ!"

"மகாராஜா, ஆணை அப்படியே நிறைவேறியிருக்கிறது. கழுத்தில் ஒரு குன்றிமணி பாரமும் இல்லை. பூமியில் காலும் இல்லை" என்றான் உத்தண்டன்.

ராஜா சிரிக்கவில்லை. அந்தக் கயிற்றில் தன் மயிலைகளின் தொண்டை இருந்திருந்தால் என்று நினைத்ததும் அவர் பதறி எழுந்தார். "இறக்குங்கள்! அப்படியானால் எவ்வளவு பாரம்தான் இருக்க வேண்டும்?"

"அளந்துவிடலாம் மகாராஜா. தராசு கைவசம் இருக்கிறது."

ஏர்க்காலை இறக்கி, மணியை ஒரேயடியாக முன்னால் தள்ளச் சொன்னான். பிரதானியின் முழங்கால் மடங்கியது. "அம்மா! அம்மாடி!"

"ஐயோ என்றால் பின்பாரம், அம்மா என்றால் முன்பாரம். இனி மெதுவாகப் பின்னால் நகர்த்துங்கள்."

மணி விரல் விரலாக நகர்ந்தது. பிரதானியின் முனகல் குறைந்தது. முழங்கால் நிமிர்ந்தது. மூச்சு சீரானது. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஓரளவு பாரம் கழுத்தில் இருக்கத்தான் வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேன் மகாராஜா..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்கள்! இதுதான் சரியான அளவு!" என்று உத்தண்டன் கத்தினான். மணி நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான்.

இப்போது ராஜா சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் பறந்துபோயின. மொக்கையனை அப்போதே விடுவித்து, மணியை அவனே ஓட்டிப் போகட்டும் என்றார். வண்டி கோட்டு அளவிலேயே மலையேறியது. காளைகளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"உத்தண்டா, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒன்றே ஒன்று மகாராஜா. இனிமேல் இந்தச் சபையில் யார் எந்த யோசனை சொன்னாலும், முதலில் அவர்கள் கழுத்தில் பூட்டிப் பார்க்க வேண்டும்."

"நன்றாயிருக்கிறதே! அப்புறம் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்களே?"

"அதைத்தான் மகாராஜா பரிசாகக் கேட்கிறேன்."