பல்லில்லாத பெரியம்மா

அந்தக் காலத்தில், கடலில் இருப்பதும் கரையில் இருப்பதும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, மணல் டாலர் தட்டையாக இல்லை. ஆமாம், இன்றைக்குக் கடற்கரையில் அப்பளம் மாதிரிக் கிடக்கிறதே, மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்த வெள்ளை வட்டம், அதைத்தான் சொல்கிறேன். அன்று அது பந்துபோல உருண்டையாக இருந்தது. உடம்பெல்லாம் விரல் நீளத்துக்கு முள். வாய் உச்சந்தலையில், வானத்தைப் பார்த்து இருந்தது. அந்த வாயில் பேருக்கு ஒரு பல்கூடக் கிடையாது. அவள் பெயர் முள்ளாயி.

முள் இருந்ததால் முள்ளாயியை யாரும் தொடமாட்டார்கள். பல் இல்லாததால் அவளும் யாரையும் கடிக்கமாட்டாள். அலை கொண்டுவந்து போடுகிற பாசியைச் சப்பிச் சப்பி விழுங்குவாள். ஒரு வாய் உள்ளே போக அரை நாள் ஆகும். பாவம், பிறந்ததிலிருந்து அவள் வயிறு நிறைந்ததே இல்லை.

அவள் இருந்த மணல்திட்டில்தான் ஆலா முட்டையிட்டாள். ஆலா என்றால், கறுப்புத் தொப்பி வைத்த மாதிரித் தலை உள்ள வெள்ளைக் கடல்பறவை. கூடு கட்ட அவளுக்கு உடம்பு வணங்காது. வெறும் மணலில் குழி பறித்து ஐந்து முட்டை வைத்தாள். ஐந்தும் பொரிந்துவிட்டன. ஐந்து வாய்க்கும் மீன் பிடித்து வரவேண்டும். அதுவரை பிள்ளைகளை யாரிடம் விடுவது?

"நான் பாத்துக்கிறேனே" என்று நண்டு வந்தது.

ஆலா அதன் கொடுக்கைப் பார்த்தாள். "நீ எப்படிப் பாத்துக்குவேன்னு எனக்குத் தெரியாதா? போடா அந்தப் பக்கம்" என்று விரட்டிவிட்டு, நேராக முள்ளாயியிடம் போனாள்.

"அக்கா, இந்தத் திட்டுலயே பல்லு இல்லாத வாய் உன்னோடது மட்டும்தான். உன்னை நம்பித்தான் பிள்ளைகளை விட்டுட்டுப் போறேன்."

"பல்லு இல்லாததுக்கும் ஒரு மரியாதையா!" என்று முள்ளாயி சிரித்தாள். "போயிட்டு வா தாயி. உன் பிள்ளைங்க மேல தூசி விழாது."

அன்றிலிருந்து குஞ்சுகள் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டன. வெயில் ஏறினால் அவள் நிழலில் ஒதுங்கும். கடைக்குட்டி மட்டும் வாயை மூடாது.

"பெரியம்மா, பல்லு இல்லாம எப்படிச் சாப்பிடுவீங்க?"

"யாராவது பொடியாக்கிக் குடுத்தா நல்லாச் சாப்பிடுவேன்டி."

"நாங்க பெரிசானதும் கொத்திக் கொத்திப் பொடியாக்கித் தர்றோம். அஞ்சு பேரும்!"

முள்ளாயிக்கு அதைக் கேட்டே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

ஒரு நாள் உச்சிவெயில். ஆலா மீனுக்குப் போயிருந்தாள். திடீரென்று கடல் உள்வாங்கியது. ஒரு முழம் இரண்டு முழம் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தரை! மீன்கள் சேற்றில் துள்ளின. முள்ளாயி அப்படியே விறைத்துப்போனாள். தூரத்தில் தண்ணீர் எழுந்து நின்றது. சுவர் மாதிரி நின்று, வந்துகொண்டிருந்தது.

குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது. திட்டில் ஏற மரமில்லை, ஒளியப் பொந்தில்லை. இருந்த ஒரே பொந்து அவள் வாய்தான். ஆனால் அவ்வளவு முள்ளைத் தாண்டி அந்தப் பஞ்சுக் கால்கள் எப்படி ஏறும்?

அவள் யோசிக்கவே இல்லை. பக்கத்துப் பாறையில் உடம்பைத் தேய்த்தாள். முள்ளெல்லாம் படபடவென்று முறிந்தது. அவளைக் காப்பாற்ற இருந்தது அந்த முள் ஒன்றுதான்! "ஏறுங்க, ஏறுங்க!" ஐந்தும் ஏறி அவள் வாய்க்குள் இறங்கின. அலை உருட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, கனத்துக்காக மணலை வாரி வாரி விழுங்கினாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டாள். அலை அவள்மேல் விழுந்தது.

அலை வடிந்த பிறகும் அவள் வாயைத் திறக்கவில்லை. பின்னாலேயே இன்னொன்று எழுந்து வருவதைப் பார்த்துவிட்டாள். உள்ளே கடைக்குட்டி, "பெரியம்மா, மூச்சு முட்டுது" என்றது. அலைக்குத் தப்பிப் பாறையடி மணலில் குத்திட்டு நின்ற முறிந்த முட்கள்மேல் முள்ளாயி தன் முதுகைக் கொடுத்து உருண்டாள். ஐயையோ, தன் முதுகைத் தானே! ஐந்து குஞ்சுக்கும் ஐந்து வரிசை ஓட்டை. ஊசிமுனை அளவுதான், காற்றுப் போகும், தண்ணீர் போகாது.

அப்போதுதான் ஆலா பதறிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குழி இருந்த இடமே இல்லை.

"அக்கா! என் பிள்ளைங்க எங்க?"

வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது போய்விடும். முள்ளாயி, "ம்... ம்ம்..." என்று முனகினாள். அவள் உதட்டோரம் ஒரு வெள்ளைத் தூவி ஒட்டியிருந்தது.

வளையிலிருந்து நண்டு கண்ணை நீட்டியது. "என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அஞ்சையும் அவதான் வாய்க்குள்ள போட்டுக்கிட்டா."

நண்டைத் திட்டாதீர்கள். அது ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

ஆலாவுக்கு உலகமே இருண்டுவிட்டது. "பல்லு இல்லேன்னு நம்பினேனே! அடி பாவி, முழுசா முழுங்கிட்டியேடி!" அவள் போட்ட கூச்சலில் நூறு ஆலாக்கள் வந்து இறங்கின. நேற்றுவரை தொட முடியாத முள்ளாயி இன்று மொட்டை உடம்போடு கிடந்தாள். எல்லாம் ஏறி மிதித்தன. மிதித்த மிதியில் அவள் புரண்டு, வாய் அடியில் போய் மணலில் புதைந்தது. மறுபடி மிதித்தன. பந்து தட்டாகிவிட்டது. ஆலா அலகால் ஓரத்தில் ஒரு குத்து, இன்னொரு குத்து. இரண்டு பிளவு விழுந்தது. மூன்றாவதற்குத் தலையை ஓங்கினாள்.

அந்தப் பிளவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, மிதிக்காதம்மா. பெரியம்மாவுக்கு வலிக்குது."

நூறு ஆலாக்களும் கல்லாகி நின்றன. ஆலாவின் ஓங்கிய தலை அப்படியே நின்றுபோயிற்று. பின்னாலேயே மற்றக் குஞ்சுகளும் கத்தின. எண்ணிப் பார்த்தாள். ஐந்து குரல். ஐந்தும் உயிரோடு இருந்தன!

"அக்கா, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! வாயைத் திற அக்கா!"

அடியில், மணலுக்குள்ளிருந்து முள்ளாயி பேசினாள். "வாய் நசுங்கிப்போச்சு தாயி. இனிமே பெரிசாத் திறக்காது. அடுத்த அலை வருது. என்னை உடைச்சு உன் பிள்ளைங்களை எடுத்துக்க."

ஆலா கூழாங்கல் ஒன்றை அலகில் தூக்கினாள். தூக்கினாளே தவிர, கீழே போட முடியவில்லை.

"போடாதம்மா" என்றது கடைக்குட்டி. "எங்களுக்காகப் பெரியம்மா முள்ளையெல்லாம் ஒடிச்சுக்கிட்டாங்க. இப்ப வாயும் போச்சு. நாங்க வந்துட்டா அவங்களுக்கு யாரு பொடியாக்கிக் குடுப்பா?"

கல் ஆலாவின் அலகிலிருந்து பக்கத்து மணலில் விழுந்தது. அதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டது. ஆலா மேலே எழும்பினாள். அலை வடிந்தபோது திட்டும் இல்லை, முள்ளாயியும் இல்லை. எந்த மணலுக்கு அடியில் போனாளோ, யாருக்கும் தெரியவில்லை.

குஞ்சுகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. முள்ளாயியின் வாய்க்குள் ஐந்து பல்லாக நின்று, வருகிற பாசியைக் கொத்திக் கொத்திப் பொடியாக்கி ஊட்டின. முள்ளாயியின் வயிறு முதல்முறையாக நிறைந்தது. அவள் வழிவந்த சின்னஞ்சிறுசுகளும் அலைக்குப் பயந்து இன்றைக்கும் மணலை விழுங்குகின்றன. ஒடிந்த முள் திரும்ப வளரவே இல்லை, பட்டுப்போலப் பொடி மயிர்தான் வளர்ந்தது. முதுகில் அந்த ஐந்து வரிசை ஓட்டையும் பூவாக நின்றுவிட்டது. செத்து, வெளுத்து, கரை ஒதுங்கின மணல் டாலரை உடைத்துப் பாருங்கள். ஐந்து குட்டி வெள்ளைப் பறவைகள் கையில் உதிரும்.

அன்று முதல்தான் ஆலா ஆழமில்லாத தண்ணீருக்கு மேலே சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, தலையைக் கவிழ்த்து அடிமணலையே பார்த்துப் பார்த்துக் கத்துகிறாள். ஏதோ தெரிந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் தலைகீழாகப் பாய்கிறாள். மேலே வரும்போது அலகில் இருப்பது மீன்தான்.